புதுப் பேட்டரி

“எல்லாத்தையும் கழட்டிப்புட்டுப் பழசையே மாட்டுங்க, பாய்” என்றார் சேதுராமன். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

மெக்கானிக் தாஹா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஐம்பது வயதைத் தொட்ட அந்த டிராக்டருக்குப் புது பிஸ்டன் ரிங், புது செல்ஃப் மோட்டார், புதுப் பேட்டரி என்று பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டுப் போய் முழுசாகப் பத்து நாள்தான் ஆகிறது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி ஒரே தடவையில் கிளம்பியது.

“நல்லாத்தானண்ணே இருக்கு?”

“அதான் பாய் கோளாறே!”

தாஹா வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். வாசல் வெறிச்சென்று கிடந்தது. சேதுராமன் பக்கத்து வீட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அங்கே இருப்பது கூடப்பிறந்த தம்பி நாகேந்திரன். ஒரு வரப்புத் தகராறில் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. வீம்பில் அண்ணனுக்குத் தம்பி சளைத்தவரில்லை.

இந்த டிராக்டருக்கு ஒரு குணம் உண்டு. வாலிநோக்கம் பக்கம் வாடகைக்குப் போய் இரண்டு நாள் தங்கினால் சமர்த்தாகக் கிளம்பும். சொந்த வாசலில் மட்டும், விடிந்தால் பேட்டரி இறங்கி மக்கர் பண்ணும். அது முனகும் சத்தம் கேட்டதும் நாகேந்திரன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். சரிவான வாசல், ஒரு ஆள் தள்ளினால் போதும்.

அப்போதும் நேர்ப் பேச்சு கிடையாது. “இந்த வண்டிக்கு இருமல் இன்னும் நிக்கல. ஆசுபத்திரிக்குப் போனா என்னவாம்?” என்று டயரைப் பார்த்துக் கேட்பார் தம்பி. “வண்டிக்கு ஒண்ணுமில்ல. பனி, அவ்வளவுதான்” என்று ஸ்டீயரிங்கிடம் சொல்வார் அண்ணன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சேதுராமனுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பேச்சுத்துணை அவ்வளவுதான்.

“போன மாசம் தள்ளையில இடுப்பப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டான், பாய். எனக்கு மனசு கேக்கல. இனி அவன் செரமப்பட வேணாம்னுதான் ஒங்களக் கூப்புட்டேன்.”

“நல்ல காரியந்தானே?”

“என்ன நல்ல காரியம்? இப்ப வண்டி தானாக் கெளம்பிருது. பத்து நாளா அவன் இந்தப் பக்கமே வாரதில்ல. கூப்புட வாய் வரமாட்டேங்குது, என்ன சொல்லிக் கூப்புடுவேன்?” சேதுராமன் டிராக்டர் டயரில் கையை ஊன்றிக்கொண்டார். “பேசாத வீட்டுல எத்தன நாளு பாய் ஒரு மனுசன் இருப்பான்? பழசையே மாட்டிவிடுங்க. அவன் வரட்டும்.”

தாஹா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். முதலில் அவர் முகத்தில் சிரிப்புதான் வந்தது. சேதுராமனின் கண்ணைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

“பின்னாடி லைட்ட விடிய விடிய எரியவிட்டும் புதுப் பேட்டரி எறங்க மாட்டேங்குதுன்னு, நேத்தே ஒங்க தம்பி கடைக்கு வந்து சண்ட போட்டுட்டுப் போயிட்டாருண்ணே.”