அணைக்க அனுமதி

எரிந்துபோன அந்தச் சர்வரின் பேரை நெட்வொர்க் பட்டியலிலிருந்து அழிக்க மனசில்லாமல் சம்சு நாளைக் கடத்திக்கொண்டே வந்தான். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் அவன். ஏழாயிரம்பண்ணை யூனிட்டு ஆட்களின் பாஸ்வேர்டைச் சரிபார்த்து உள்ளே விடுகிற பெட்டியாக இருந்தது அந்தச் சர்வர். அதை அணைப்பதென்றால் சம்சுவின் திரைக்கு அனுமதி கேட்டு வரும்.

வானத்தில் இடி கேட்டுவிட்டால் போட்டது போட்டபடி எல்லோரும் யூனிட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். அன்றைக்கும் எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். சர்வரை அணைக்காமல் கிளம்பக் கூடாதென்று சம்சு சொல்லி வைத்திருந்ததால் கிளார்க் பொன்மணி மட்டும் ஆபீஸ் அறைக்குத் திரும்பிப் போனாள். இடி அந்த அறைமேல்தான் விழுந்தது. சர்வரோடு பொன்மணியும் போய்விட்டாள்.

பட்டியலில் பேர் இருந்ததால், இல்லாத சர்வரைத் தேடித் தேடியே தலைமை ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரும் திணறின. முதலாளி சத்தம் போட்டார். பொன்மணியின் புருஷன் காளீஸ்வரன் அங்கேதான் பில் போடுகிறான்.

"அவ பார்த்த மிசினு பாய். பேராவது இருந்துட்டுப் போகட்டுமே."

"அது இனி வரவே வராது காளி" என்று சொல்லி சம்சு அழித்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் வானம் கறுத்தது. முதல் இடிக்கே சம்சுவின் திரையில் ஒரு கேள்வி வந்தது: 'ஏழாயிரம்பண்ணை சர்வரை அணைக்க அனுமதி வேண்டும். கேட்பவர்: பொன்மணி.'

சம்சு அனுமதி கொடுத்தான். 'அப்படி ஒரு சர்வர் இல்லை' என்று பதில் வந்தது. மறுபடியும் கொடுத்தான். அதே பதில்தான் வந்தது.

அடுத்த இடி இடித்தது. அதே கேள்வி திரும்ப வந்து நின்றது.

பின்னால் வந்து நின்ற காளீஸ்வரன் அதை வாசித்தான். அவன் கோபப்படவில்லை.

"அணைக்காமக் கெளம்ப மாட்டாளே பாய்" என்றான்.