பையன்களின் முறை

ஓவைன் நடந்து வந்த லட்சணத்தைப் பார்த்து மண்டபமே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து, அடிக்கு ஒரு தரம் கண்ணை மூடித் திறந்து, டிலிஸை நோக்கி வந்துகொண்டிருந்தான். தூக்குமேடைக்குப் போகிறவன்கூட இதைவிடத் தெம்பாக நடப்பான்.

வேல்ஸ் மலைமேல் இருக்கும் எங்கள் மந்திரப் பள்ளியில், பனிக்கால நடனத்துக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பள்ளி கொடுக்கும் காலணியைப் போட்டுக்கொண்டு நின்றால் போதும். பிடில் தொடங்கியதும், மனசில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முன்னால் அதுவே கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு வருஷம் பெண்கள் போட வேண்டும், மறு வருஷம் பையன்கள். போடாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன வருஷம் பெண்களின் முறை. நூறு பேர் பார்க்க, டிலிஸின் கால்கள் நேராக ஓவைனிடம் போய் நின்றன. அவள் மழை வரவழைக்கும் வகுப்பில் படிக்கிறவள். வெட்கமோ அழுகையோ வந்தால் தலைக்கு மேலேயே தூறல் போட்டுவிடும். அன்றைக்கும் போட்டது. அவன் சட்டையும் சேர்ந்து நனைந்ததில் ஒரே சிரிப்பு.

"நானா ஒண்ணும் வரல. இந்த ஷூதான் இழுத்துட்டு வந்துச்சு" என்று கத்திவிட்டு ஓடினாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக அவன் இருக்கும் திசைக்கே திரும்பவில்லை.

இந்த வருஷம் அவன் அவளைத் தேடி வருகிறான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் வருகிற மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே.

"நிறுத்தப் பாக்குறான், கால் கேக்க மாட்டேங்குது" என்றாள் செரன். எங்கள் வகுப்பு அழகி. ஓவைன் தன்னிடம்தான் வருவான் என்று முன்வரிசையில் வந்து நின்று ஏமாந்தவள். "இவதான் மனசுலன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே, அந்த அவமானம்டி."

"இல்ல, குதிரை மிதிச்சிருக்கும்" என்றான் ஒருவன்.

ஓவைனுக்கு இந்தப் பருவத்தில் குதிரை லாயத்தில் வேலை. இரும்பு பட்டால் மந்திரம் செத்துவிடும் என்று எங்கள் பள்ளிக்குள் கரண்டியைக்கூட மரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். லாடம் அடிக்கிற லாயம் மட்டும் மதிலுக்கு வெளியே.

"எல்லாரும் குடையை எடுத்து வச்சுக்கங்கப்பா" என்றாள் செரன். பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன்.

ஓவைன் டிலிஸின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினான்.

அவள் பிடிக்கவில்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டு வரணுமா ஓவைன்?"

"கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு" என்றான் அந்த மடையன்.

சிரிப்பில் பிடில் சத்தமே கேட்கவில்லை. டிலிஸின் நெற்றியில் முதல் சொட்டு விழுந்தது.

"அப்ப ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு உனக்குப் பிடிச்ச இடத்துக்குப் போ. உன்னை யாரும் கட்டி வைக்கல."

"கழட்ட வேணாம் டிலிஸ். ஒரே ஒரு பாட்டு ஆடலாம். அப்புறம் போயிடுறேன்."

"பிச்சை போடுறியா? கழட்டு."

"இங்க வேணாமே. எல்லாரும் பாக்குறாங்க."

"போன வருஷமும்தான் பாத்தாங்க. கழட்டுடா."

அவன் அசையவில்லை. அவளே சட்டென்று மண்டியிட்டு, அவன் வலது காலணியைப் பிடித்து இழுத்தாள்.

ஓவைன் அலறிய அலறலில் பிடில் நின்றுவிட்டது.

காலணி கையோடு வந்துவிட்டது. அவள் விரலெல்லாம் ரத்தம். காலணியின் அடித்தோலில் வரிசையாக நான்கு லாட ஆணிகள் அறையப்பட்டிருந்தன. நான்கின் முனையும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டா அவ்வளவு தூரம் நடந்து வந்தான்? இந்தக் காலோடா ஆடலாம் என்றான்?

தலைமையாசிரியை ஓடிவந்து காலணியைப் பிடுங்கினார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"இரும்பா? மண்டபத்துக்குள்ளயா?" காலணியைக் காதோரம் வைத்துப் பார்த்தார். "உயிரே இல்ல. எப்படா ஆணி அடிச்ச?"

"மத்தியானம், மிஸ். ரெண்டுலயும்."

மத்தியானமே செத்துப்போன காலணி. செரன் தன் கையில் சாய்ந்துபோன பழரசக் கோப்பையை நிமிர்த்தக்கூட மறந்து நின்றாள். டிலிஸ் முழங்காலிட்டபடியே அண்ணாந்து அவனைப் பார்த்தாள். தூறல் சடசடவென்று பிடித்துக்கொண்டது. இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ண?" தலைமையாசிரியையின் குரல் உடைந்திருந்தது. "சும்மா போட்டுட்டு நின்னிருந்தா அதுவே இவகிட்ட கொண்டுவந்து விட்டிருக்காதா?"

"விட்டிருக்கும் மிஸ்" என்றான் ஓவைன், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு. "ஆனா அப்புறம் இவ, ஷூதானே இழுத்துட்டு வந்துச்சுன்னு சொல்லிடுவா. அதான்... நானா வந்தேன்."