நிழல்துணியின் மறுமுனை

"தம்பி, இங்க மேனேஜர் அன்புராஜுன்னு ஒருத்தரு கீறாராமே, எங்க இருப்பாரு?"

படகில் குனிந்து கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த அன்புராஜ் நிமிர்ந்தான்.

படகுத்துறைப் பலகைமேல் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றவர் பள்ளிப்பட்டு ராஜமாணிக்கம். தரகர் அனுப்பிய போட்டோவில் பெண் அருணாவுக்குப் பக்கத்தில் இருந்த அதே முகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குத்தான் அவன் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவருக்குப் போன போட்டோவில் அவன் கோட்டு போட்டிருந்தான். இங்கே தலையில் துண்டும், முட்டிவரை சுருட்டிய பேண்ட்டும்.

"மேனேஜரு வெளிய போயிருக்காருங்க" என்றான். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வரட்டும். நின்னுக்கினு இருக்கேன்."

பழவேற்காடு ஏரியில் சாயங்காலக் காற்று கிளம்பிவிட்டது. சுற்றுலா வந்தவர்கள் இறங்கிப் போனதும், பாய்மரப் படகின் இருக்கைகளுக்கு மேலே கட்டிய நிழல்துணியைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும். விட்டால் காற்று கிழித்துவிடும். அதுவும் படகைக் கழுவுவதும்தான் அன்புராஜின் வேலை. தரகரிடம் தன்னை மேனேஜர் என்று சொன்னது வேறு யாருமில்லை, அவனேதான்.

கடைசிக் கயிறு அவிழ்ந்ததும் துணி படபடவென்று அடித்துக்கொண்டு கைநழுவியது. ஒரு ஓரம் தண்ணீரில் விழுந்தது. ராஜமாணிக்கம் சட்டென்று படகில் இறங்கி அதை எட்டிப் பிடித்தார்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்!"

"இருக்கட்டும் தம்பி. நெல்லு காயப்போட்ற தார்ப்பாய் மாதிரிதான கீது. நீ அந்தாண்ட புடி."

துணிக்குள் செருகியிருந்த கம்பிகளை உருவிவிட்டு, இருவரும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் அவனை நெருங்கி வர வேண்டியிருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என் பொண்ண அந்த மேனேஜருக்குத்தான் பேசிக்கினு இருக்கோம். ஆளு எப்பிடி, நல்லவரா?"

"ம்."

"கோவக்காரரா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"எங்கள மாதிரி ஆளுங்க ஒரு விசயம் சொன்னா, காது குடுத்துக் கேப்பாரா?"

அவனுக்கு உடம்பு கூசியது. இவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்து, யாரென்றே தெரியாதவனுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற மனுஷன். இவரிடமா இன்னும் பொய்?

"டேய்! ஈரத்தோட மடிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? மண்டையில ஏறாதா உனுக்கு?" கரையிலிருந்து ஒரு குரல் அதட்டியது.

ராஜமாணிக்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"யாரு, மேனேஜரா? வந்துட்டாரா?" ராஜமாணிக்கம் பதறிப்போய்த் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். "நான் போய்ப் பேசிட்டு வந்துட்றேன்."

"போகாதீங்க." அன்புராஜ் குறுக்கே வந்து நின்றான். "மேனேஜரு அவருதான். ஆனா அவரு பேரு அன்புராஜு இல்ல."

"பின்ன?"

"நான்தாங்க அன்புராஜு. இந்தத் துணியக் கட்டுவேன், அவுப்பேன், படகு கழுவுவேன். அவ்ளோதான். தரகருகிட்ட பொய் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம நான் வர்ல. உங்க பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லிடுங்க."

அறை விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. ராஜமாணிக்கம் பாதி மடித்த துணியோடு இருக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அருணா காலேஜ் டீச்சருன்னுதான தரகரு சொன்னாரு?"

"ஆமாங்க."

"கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனி கேண்டீன்ல தட்டு கழுவுது நைனா" என்றார் அவர், தலை நிமிராமல். "மேனேஜரு கால்ல உழுந்தாவது உண்மைய சொல்லிட்டு வான்னு அதுதான் என்ன அனுப்பிச்சிது."