மூன்றாவது குழி

பாரிவாக்கத்துப் புல்வெளியில், உச்சி வெயிலில், இடுப்பளவுக் குழிக்குள் நிற்கிறாள் மண் ஆய்வாளர் ஹெலினா. நாளைக் காலை இங்கே மனைக்கற்கள் நடுகிறார்கள். அதற்குள் இந்த மண்ணின் அடுக்குகளை அளந்து, இன்ன வகையென்று எழுதியாக வேண்டும். காலையில் தோண்டிய இரண்டு குழிகளிலும் லாரியில் வந்து கொட்டிய கட்டட இடிபாடுதான். மூன்றாவதிலும் ஒரு சாண் புல்வேருக்குக் கீழே செங்கல் தூள், உடைந்த டைல்ஸ், கசங்கிய பால் பாக்கெட். அளவு நாடாவைச் சுருட்டி மேலே வீசுகிறாள். "இன்னா மேடம், இதுவும் குப்பைதானா?" என்கிறார் கடப்பாரையோடு கரையில் நிற்கும் ஏகாம்பரம். "ஆமாண்ணா. இன்னும் ஒரு அடி தோண்டுங்க." "கையெல்லாம் கொப்பளிச்சிக்கினு கீதும்மா." முனகியபடியே இறங்கிக் குத்துகிறார். கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த ஓசை சட்டென்று மங்குகிறது. கரிய, ஈரமான மண் பெயர்ந்து வருகிறது. அதில் மக்கிய புல்வேர்கள் மயிரிழைகளாக ஓடுகின்றன. ஹெலினா அதை விரல்களுக்கிடையே உருட்டுகிறாள். உடையாமல் கம்பியாக நீள்கிறது; நல்ல களிமண். பழைய புல்வெளி இங்கே புதைந்து கிடக்கிறது. மேல்மண் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று கேட்கிறது அவள் நிரப்ப வேண்டிய ஆய்வுப் படிவம். மேல்மண் தரைமட்டத்திலேயே இருக்கும் என்பதால் எல்லோரும் பூஜ்யம் போடுகிற கட்டம் அது. தாள் கிழியும் அளவுக்குப் பேனாவை அழுத்தி எழுதுகிறாள்: நாலடிக்குக் கீழே.