பதிலாக வருபவர்

பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது தணிகாசலத்தின் தொழில். எந்தச் சட்டத்தின் பெயர் வந்தாலும், அதில் அவ்வப்போது செய்யப்படும் திருத்தங்களும் அதற்குப் பதிலாக வரும் சட்டமும் அடங்கும் என்று சேர்த்துவிடுவான். சட்டம் மாறினாலும் ஒப்பந்தம் நிற்கும். சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன அவன் மனைவி மேகலா, இனி எப்படி நடந்துகொள்வான் என்று எழுதிக் கொடுத்தால்தான் திரும்பி வருவேன் என்றாள். எழுதி, கையெழுத்தும் போட்டு எடுத்துப்போனான். அவள் முதல் பத்தியைப் படித்ததும் தன் கையெழுத்தைப் போட்டாள்.

“முழுசாப் படிக்கலையே?”

“இதுவே போதும், வக்கீல் சார்.”

வாங்கிப் பார்த்தான். கணவன் என்பது தணிகாசலத்தையும், அவரில் அவ்வப்போது செய்யப்படும் திருத்தங்களையும், அவருக்குப் பதிலாக வருபவரையும் குறிக்கும் என்று இருந்தது.

“கைப்பழக்கத்துல வந்துடுச்சு. கடைசியில இருக்கறத அடிச்சிடறேன்.”

“இருக்கட்டுங்க. திருத்தம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு அடிச்சுக்கலாம்.”

காகிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தணிகாசலம் தான் குடித்த காபி டம்ளரோடு எழுந்து, இதை எங்கே கழுவுவது என்று அவள் அக்காவிடம் கேட்டான்.