கூம்பில் ஒரு கிழிசல்

"திரும்பவும் தூக்கிக்கொண்டு வாறார்!"

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்ற கொன்ஸ்ரன்ஸ் புருஷன் கிளெமென்றிடம் சொன்னாள். வந்துகொண்டிருந்தவர் மூலைக் கடை மஜீட் நானா. தோளில் றேடியோ.

ஒரு துணியைப் போட்டு மூடியாவது கொண்டுவரக் கூடாதா? சலூன் வாசலில் நின்று ஒரு கதை, பேக்கரி வாசலில் நின்று ஒரு கதை. கொட்டாஞ்சேனை முழுக்கப் பார்க்கட்டும் என்பதுபோல ஒரு நடை.

"கிளெமென்ற் தம்பி, ஸ்பீக்கர் மறுகாவும் கிழிஞ்சி போச்சி. கரகரண்டு கத்துது. அவசரமில்ல, ஆறுதலாச் செஞ்சி தாங்க."

மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முகத்தில் கோபம் என்று ஒரு பொட்டும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

உலக யுத்தம் முடிந்து, துறைமுகத்திலிருந்த பட்டாளத்து றேடியோ வேலைத்தலத்தை மூடியதோடு கிளெமென்றின் உத்தியோகமும் போயிற்று. வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, 'றேடியோ திருத்தப்படும்' என்று வாசலில் பலகையும் மாட்டினான். தேடி வருகிற ஒரே ஆள் மஜீட் நானா. அவருடைய றேடியோவுக்கும் எப்போதும் ஒரே வருத்தம்தான்: ஸ்பீக்கருக்குள் இருக்கும் கடதாசிக் கூம்பில் கிழிசல்.

கிளெமென்ற் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.

"முதல்ல மாப்பசை போட்டன். கடல் காத்து ஈரத்துக்கு ஊறியிருக்கும் எண்டு விட்டிட்டன். பிறகு தச்சுவேலைக்காரற்ற வச்சிரம் காய்ச்சிப் போட்டன். அது காய்ஞ்சா கல்லு, கூம்பு அதிரேக்க வெடிச்சுப் போகும். கடைசியாச் சைக்கிள் டியூப் ஒட்டுற சொலுஷன். றப்பரெல்லோ, கூம்போட சேர்ந்து ஆடும் எண்டு நம்பினன். இப்ப பாரும்!"

"உங்கட கையில பிழையில்லை."

"பின்ன ஆற்ற கையில? இந்த முறையும் ஒட்டு விட்டா, பலகையைக் கழட்டிப்போட்டுக் கொலன்னாவைக்கு எண்ணெய்ப் பீப்பா உருட்டப் போறன்."

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்தாள். கலியாணப் பரிசாக வந்த நகப்பூச்சு. கொன்வென்டில் படிப்பித்த மதர்மாரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் என்று ஒருநாளும் திறக்காதது.

"இதைத் தண்ணி தொடாது. பாரமுமில்லை. சொலுஷனால ஒட்டிப்போட்டு, மேலால இதை மெல்லிசாப் பூசினா ஈரம் இறங்காதெல்லோ?"

கிளெமென்ற் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பல நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"விளிம்பில மட்டும் பூசப்படாது. விளிம்பு இளக்கமா ஆடவேணும். சரி, மஜீட் நானாட றேடியோவுக்கு றோஸ் கலர் மினுக்கம்!"

கூம்பை அவள்தான் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் கண் நின்றுவிட்டது.

"இஞ்சாருங்கோ, உங்கட பழைய ஒட்டு ஒண்டும் விடேல்லை. இது பக்கத்தில புதுசாக் கிழிஞ்சிருக்கு."

"ஒட்டு இறுகினா பக்கத்தில இழுத்துக் கிழிக்கும்."

"இவ்வளவு நேராவோ?"

"கரப்பானா இருக்கும்."

"கரப்பான் அடிமட்டம் வைச்சோ தின்னும்?"

"நீர் பேசாம இரும். பசைதான் பிழை."

அவள் நகப்பூச்சுப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். ஆனால் சந்தேகம் போகவில்லை. மஜீட் நானா வேண்டுமென்றே கிழிக்கிறார். கிழித்துவிட்டு, கிளெமென்றின் வேலை தாங்காது என்று தெருத் தெருவாகக் காட்டிக்கொண்டு வருகிறார். எங்களைக் கிளப்பிவிட்டு இந்த வீட்டைத் தான் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரோ?

பூச்சுக் காய்ந்ததும் றேடியோ கணீரென்று பாடியது. மஜீட் நானா வந்து, கேட்டு, தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளெமென்ற் புறக்கோட்டைக்குப் போன நேரம், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மஜீட் நானாவின் கடைக்குப் பின்னாலுள்ள வீட்டுக்குப் போனாள். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவள், கதவடியில் நின்றாள்.

உள்ளே மஜீட் நானாவின் மனைவி ஜவாஹிறாவின் குரல் கேட்டது.

"இந்தக் கிழமையாவது அந்த றேடியோவ விட்டுடுங்களேன். செய்தி கேக்காம வீட்டுக்குள்ள நீங்க படுற பாடு எனக்குத்தானே தெரியும்!"

"நான் என்ன செய்ய? கிளெமென்ற் தம்பிக்கு அரிசி குடுத்தனுப்பினேன், அப்பிடியே திருப்பி அனுப்பிட்டான். சும்மா குடுத்தா ஒண்டும் தொட மாட்டான். இதத் தூக்கிட்டு நாலு கடையில நிண்டு கதச்சிட்டுப் போனாத்தானே, அங்க ஒரு றேடியோக்காரன் ஈக்கிறான் எண்டு சனத்துக்குத் தெரியும்? சலூன்காரனும் தன்ட றேடியோவக் கொண்டு போறதாச் சொல்லிட்டான். எங்க அந்த பிளேட்?"

கொன்ஸ்ரன்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

"நானா, கீறாதீங்கோ! தன்ர பசைதான் விடுது எண்டு நினைச்சு அவர் உடைஞ்சு போனார். இன்னொருக்காக் கிழிஞ்சா பலகையைக் கழட்டப் போறாராம்!"

சவர பிளேட்டும் கையுமாகப் பிடிபட்டுப்போனார் மஜீட் நானா. ஜவாஹிறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் மெல்ல பிளேட்டை மேசையில் வைத்தார். றேடியோவை முன்னாலும் பின்னாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப தம்பிட பசைக்கு ஒரு பழியும் வராம, இதுல வேற எதக் கெடுக்கலாம்? சொல்லுங்க தங்கச்சி!"