ஊசிக்குப் பயந்தவள்

“எனக்கு ஊசின்னா பயம். நான் வரல” என்று லேப் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் அம்சவள்ளி.

தேவநாதனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாரத்தில் ஆறு நாள் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பஸ் ஓட்டியே ஆயுசு போகிறது. மிச்சமிருக்கும் ஒரு நாளிலும் தூங்க விடாமல், விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் வரைக்கும் இழுத்து வந்துவிட்டு, இப்போது இது.

“ரெண்டு புள்ள பெத்தவ, ஊசிக்குப் பயமாம். எழுந்திரு, ஆளுங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.”

ரெண்டு மாதமாக இதே பேஜாருதான். முதலில் தொண்டை கட்டியது என்னவோ அவனுக்கு. குரல் கரகரவென்று ஆகிப்போய் டாக்டரிடம் போனான். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். “அது பொம்பளைங்க வியாதி” என்று சொல்லி, சீட்டை டிவிக்குப் பின்னால் செருகிவிட்டான்.

உண்மைக் காரணம் வேறு. வியாதி என்று காகிதத்தில் ஒரு வரி வந்துவிட்டால், முதலாளி வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். ஏற்கெனவே ஒரு தடவை டோல்கேட் கிட்டே கண் செருகி, கண்டக்டர் புகழேந்தி தோளைத் தட்டிய பிறகுதான் பிரேக்கை மிதித்தான். அதை அவன் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சீட்டை அம்சவள்ளி எப்போது பார்த்தாளோ, அன்றிலிருந்து வியாதி அவளுக்கு வந்துவிட்டது. அசதி என்றாள். மூஞ்சி ஊதுது என்றாள். சித்திரை வெயிலில் குளிருது, ஃபேனை நிறுத்துங்க என்றாள்.

அவனுக்கும்தான் அசதி. அவனுக்கும்தான் குளிருது. அவன் என்ன, சொல்லிக்கொண்டா திரிகிறான்?

“சரி, இன்னா பண்ணா உள்ள வருவ?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நீங்க மொதல்ல குடுங்க. உங்களப் பாத்தா எனக்கும் தைரியம் வரும்.”

“எனக்கு எதுக்குடி?”

“சீட்டுதான் இருக்குதே. எடுத்துக்கினு வந்திருக்கேன். வீணாத்தான போவுது.”

அவன் பஸ்ஸில் அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர் வரிசையில் நின்றிருந்தார்; அவர் சிரித்தார். “போய்க் குடுய்யா. சம்சாரத்துக்கு ஒரு தைரியம் சொல்ல முடியல, நீயெல்லாம் இன்னா பஸ்ஸு ஓட்டற?”

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தேவநாதன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான். வெளியே வந்து, பஞ்சு ஒட்டிய கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பாத்தியா, உசுரோடதான் வர்றேன். போ, ஜல்தி.”

அவள் திரைக்குப் பின்னால் போனதும், அவன் டீ குடிக்கப் போனான். திரும்பியபோது முழங்கையில் பஞ்சோடு, கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள்.

“கத்தினியா?”

“இல்ல.”

“பெரிய சாதனைதான்.”

ரிசல்ட் மூணு மணிக்கு. அதுவரைக்கும் லேப்புக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கையை அவள் நீட்டவேயில்லை. சாப்பாட்டுப் பையைக்கூட அவன்தான் பிரித்தான்.

மூணு மணிக்கு அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு அவன் மட்டும் போனான். லேப் மாடிப்படி பத்துதான். ஏறுவதற்குள் கால் இரண்டும் மணல் மூட்டையாகக் கனத்தன. இவளுக்கு ஒன்றும் இருக்காது, ரிசல்ட்டைக் காட்டி நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே ஏறினான்.

ரத்தம் எடுத்த அதே பெண்தான் இருந்தாள். பெயர்ப் பட்டையில் ஜெசிந்தா என்றிருந்தது. கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“தேவநாதன் நீங்கதான சார்? டிஎஸ்எச் அம்பத்திரண்டு இருக்கு. அஞ்சுக்குள்ள இருக்கணும்.”

“கூடத்தான இருக்குது? நல்லதுதான?”

“இல்ல சார். அது தைராய்டு சுரக்கற அளவு இல்ல. ‘சுர, சுர’ன்னு மூளை அதட்டற அளவு. பஸ்ஸுல கண்டக்டர் விசில் மேல விசில் அடிக்கறாரு, வண்டி நகரல. அப்டி வெச்சுக்குங்க. விசிலுதான் அம்பத்திரண்டு.”

தேவநாதன் அந்த எண்ணையே பார்த்தான்.

“அப்ப... இனிமே வண்டி ஓட்ட முடியாதாம்மா?”

“யாரு சொன்னா? மொதல்ல டாக்டரப் பாருங்க. தூக்கம் கண்ணக் கட்டுதுன்னா, அவரு சொல்ற வரைக்கும் லீவு போடுங்க. மாத்திரை எவ்ளோன்னு அவரு எழுதுவாரு. காலைல வெறும் வயித்துல, தண்ணில போடணும். ஒரு மணி நேரத்துக்கு டீ கூடக் கூடாது. அசதி, குளிரு, இந்தக் குரலு, எல்லாம் மெல்ல மெல்ல சரியாவும். எங்க பெரியப்பா பத்து வருஷமா மாத்திரை போட்டுக்கினு லாரி ஓட்டறாரு.”

ரெண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று நகர்ந்த மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அம்சவள்ளி இன்னும் கையை மடக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.

“சரிம்மா. இன்னொரு கவரையும் குடு.”

“எது சார்?”

“அம்சவள்ளி. என் சம்சாரம்.”

ஜெசிந்தா மேசையைப் பார்த்தாள். “சொல்லக் கூடாதுன்னாங்க சார்.”

“இன்னா? அவளுக்கு இன்னா?”

“அவங்க ரத்தமே குடுக்கல சார். உள்ள வந்து, ‘எனக்கு ஊசியெல்லாம் வேணாம்மா, ஒரு பஞ்சை வெச்சு பிளாஸ்டர் மட்டும் ஒட்டி வுடு, அவரு கண்ணுக்குத் தெரியணும்’னாங்க.”